தென்னாப்பிரிக்காவில் பள்ளிவாசல் பொறுப்பை ஏற்பவர்களுக்கு: வக்ஃபும் டிரஸ்ட் பத்திரமும்

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், இலங்கையின் கல்முனை போன்ற ஊர்களிலிருந்து வேலைக்கும் வணிகத்துக்குமாக டர்பனிலும் ஜொஹனஸ்பர்க்கிலும் குடியேறும் தமிழ் முஸ்லிம்கள், சில ஆண்டுகளுக்குள் ஏதாவதொரு ஜமாஅத்தில், அதாவது பள்ளிவாசலைச் சேர்ந்த சமூகத்தில், பொறுப்புக்கு அழைக்கப்படுகிறார்கள். கணக்குத் தெரிந்தவரைப் பொருளாளராக்குகிறார்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவரைச் செயலாளராக்குகிறார்கள். இன்னும் சிலர், தங்கள் வட்டாரத்தில் தொழுகைக்கு இடமில்லையே என்று நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து தாங்களே ஓர் இடத்தைத் தேட முற்படுகிறார்கள். இந்த இரு சாராருக்கும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஊரில் நாம் பார்த்துப் பழகிய அமைப்பு இங்கே இல்லை என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். வக்ஃப் என்பது இறைவனுக்காக நிரந்தரமாக ஒதுக்கப்பட்ட அறச்சொத்து. அதற்கெனத் தமிழ்நாட்டில் வக்ஃப் வாரியம் இருக்கிறது. இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வக்ஃப் சபை இருக்கிறது. முத்தவல்லி (வக்ஃபின் நிர்வாகி) தவறு செய்தால் புகார் கொடுக்க ஓர் அலுவலகமும், பள்ளிவாசலின் சொத்தைப் பதிந்து வைக்க ஓர் ஏடும் அங்கே உண்டு. தென்னாப்பிரிக்காவில் வக்ஃபுக்கென்று தனிச் சட்டமும் இல்லை, வாரியமும் இல்லை. நாட்டின் பொதுவான டிரஸ்ட் (அறக்கட்டளை) சட்டம் என்னும் பாத்திரத்துக்குள், ஷரீஅத் (இஸ்லாமியச் சட்டம்) கூறும் நிபந்தனைகளை நாமே எழுதி ஊற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுதாமல் விட்ட நிபந்தனையை, 'இது எல்லா முஸ்லிம்களுக்கும் தெரிந்ததுதானே' என்று சொல்லி நீதிமன்றத்தில் பின்னால் சேர்க்க முயல்வது செலவும் சங்கடமும் மிகுந்த வேலை. ஆகவே முதல் ரேண்டை (இந்நாட்டு நாணயத்தை) வசூலிக்கும் முன்பே டிரஸ்ட் பத்திரம் தயாராக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதல் படி: உரிமை யாருக்கு, பொறுப்பு யாருக்கு என்று மார்க்கப்படி தெளிவடையுங்கள்

'பள்ளிவாசல்கள் அல்லாஹ்வுக்கே உரியவை' என்கிறது திருக்குர்ஆனின் 72ஆம் அத்தியாயம், 18ஆம் வசனம். ஃபிக்ஹில், அதாவது இஸ்லாமியச் சட்டவியலில், இவ்வசனத்தின் கருத்து சொத்து விதியாகவே வடிவம் பெற்றிருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்யலாம் என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் பலனைத் தர்மமாக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அந்த நிலத்தை விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, அது வாரிசுகளுக்குச் சேராது என்ற நிபந்தனைகள் அதன்படியே விதிக்கப்பட்டன. அதை நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், ஆனால் அதைக்கொண்டு தமக்குச் செல்வம் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்ற வாசகமும் அதே ஹதீஸில் இடம்பெறுகிறது. அந்த நிலத்தின் நிர்வாகத்தைத் தமக்குப் பின் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் உமர் ஒப்படைத்தார்கள் என்பதை, பெண்களுக்கு நிர்வாகக் குழுவில் என்ன வேலை என்று கேட்கும் பெரியவர்களுக்குப் பணிவோடு நினைவூட்டலாம்.

மதீனாவில் நபியின் பள்ளிவாசல் அமைந்த மனை இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானதாக இருந்தது. இலவசமாகத் தர முன்வந்தபோதும் அதை விலைக்கே பெற நபி (ஸல்) அவர்கள் விரும்பினார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நிலத்தின் மூலம் சந்தேகமற்றதாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வாரிசுகளுக்குள் பாகம் பிரிக்கப்படாத மனையை மூத்த மகன் மட்டும் 'பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டேன்' என்று சொன்னால், மற்றவர்களின் கையொப்பம் கிடைக்கும் வரை ஒரு செங்கல்லைக்கூட வைக்காதீர்கள்.

வக்ஃப் எப்போது உறுதியாகிறது என்பதில் மத்ஹபுகளுக்கிடையே (மார்க்கச் சட்டப் பள்ளிகளுக்கிடையே) வேறுபாடு உண்டு. டர்பனில் இது நடைமுறைக்கு வரும் விஷயம். நம் கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள் பலரும் ஷாஃபிஈக்கள். டர்பனின் பெரும்பாலான பள்ளிவாசல்களை நிறுவிய குஜராத்தி வணிகர்கள் ஹனஃபிகள். கேப் டவுனின் மலாய் முஸ்லிம்கள் ஷாஃபிஈக்கள். 'இந்த இடத்தைப் பள்ளிவாசலாக்கிவிட்டேன்' என்று உரிமையாளர் வாயால் சொன்னதுமே ஷாஃபிஈ மத்ஹபில் அவருடைய உரிமை நீங்கிவிடுகிறது. ஹனஃபி மத்ஹபில் அபூ யூசுஃப் அவர்களும் சொல் போதும் என்கிறார்கள்; ஆனால் இமாம் அபூ ஹனீஃபா, இமாம் முஹம்மது ஆகியோர் இடத்தைத் தனியே பிரித்துக் கொடுத்து, அனுமதியுடன் அங்கே தொழுகை நடந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எந்தக் கருத்தை எடுத்தாலும், உறுதியான பின் திரும்பப் பெற முடியாது. எனவே கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு எழுந்து தம் மனையை அறிவிக்கும் நல்ல மனிதரை, முதலில் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரிடம் பேசிவிட்டு வரச் சொல்வதே அவருக்கும் ஜமாஅத்துக்கும் நன்மை.

இரண்டாம் படி: நீங்கள் தொடங்குவது பள்ளிவாசலா, ஜமாஅத் கானாவா?

வாடகைக் கடையிலோ கிடங்கிலோ கூட்டுத்தொழுகை நடத்தும் இடத்தை இங்கே ஜமாஅத் கானா என்றும் முஸல்லா என்றும் சொல்கிறார்கள். வாடகைதாரருக்கு இடத்தின் பயன் மட்டுமே சொந்தம். இடம் சொந்தமில்லாதபோது அதை நிரந்தர வக்ஃபாக்க இயலாது. ஆகவே அங்கே ஜமாஅத்தாகத் தொழலாம், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கலாம், ஆனால் பள்ளிவாசலுக்கே உரிய இஃதிகாஃப் (பள்ளிவாசலில் தங்கி வழிபடுதல்) போன்ற சட்டங்கள் அதற்குப் பொருந்தா. குத்தகை முடிந்தால் காலி செய்வதில் பாவமும் இல்லை. இந்த வேறுபாட்டை முதல் நாளே அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது; இல்லாவிட்டால் சில ஆண்டுகள் கழித்து இடம் மாறும்போது 'பள்ளிவாசலை இழுத்து மூடிவிட்டார்கள்' என்ற பழி வந்து சேரும்.

மாடிக் கட்டடத்தில் ஒரு தளத்தை மட்டும் விலைக்கு வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கீழேயோ மேலேயோ தனியாருக்குச் சொந்தமான தளம் இருந்தால் நடுவிலுள்ள இடம் முழுமையான பள்ளிவாசல் ஆகாது என்பது ஹனஃபி நூல்களின் பொதுவான கருத்து. கீழ்த்தளம் பள்ளிவாசலின் நலனுக்கே உரியதாக இருந்தால் தடையில்லை. டர்பன் கிரே தெருவில், அதாவது இப்போதைய டாக்டர் யூசுஃப் தாதூ தெருவில், 1881இல் வாங்கிய மனையில் எழுந்த ஜுமுஆ பள்ளிவாசலைச் சுற்றிக் கடைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிவாசலைத் தாங்குவதற்கென்றே கடைகளை அதனோடு சேர்த்து வைக்கும் பழைய வக்ஃப் மரபு அது. வேறொருவருடைய கடைக்கு மேலே ஓர் அறை வாங்குவது அதிலிருந்து முற்றிலும் வேறானது. வாங்கும் முன் உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கட்டடத்தின் வரைபடத்தையே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.

மூன்றாம் படி: டிரஸ்ட் பத்திரத்தை எழுதுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகக் காலம் செலவிட வேண்டிய படி இது. வழக்கறிஞரிடம் ஆயத்தமாக இருக்கும் குடும்ப டிரஸ்ட் மாதிரியை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்திடுவது இங்கே பரவலாக நடக்கும் தவறு. குடும்ப டிரஸ்ட் பத்திரத்தில் டிரஸ்டிகளுக்குச் சொத்தை விற்கவும், அடமானம் வைக்கவும், கடன் கொடுக்கவும் வரம்பற்ற அதிகாரம் தரும் பத்திகள் இருக்கும். வக்ஃபின் தன்மையே அந்த அதிகாரம் எவருக்கும் இல்லை என்பதுதான்.

இந்நாட்டின் முதல் பள்ளிவாசலின் வரலாறு இதற்குப் பொருத்தமான பாடம். கேப் டவுனின் போ-காப் பகுதியில் டார்ப் தெருவிலுள்ள அவ்வல் பள்ளிவாசல் 1794ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்கிறது. அதன் மனை, இலங்கையிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு விடுதலை பெற்ற கோரிடன் என்பவரின் குடும்பத்துக்கு உரியதாக இருந்து, பின்னர் அவர் மகள் சார்ட்ஜியின் பெயருக்கு வந்தது. அவர் அதைப் பள்ளிவாசலாகப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தார். அவருடைய கணவர் வங்காளத்து அஹ்மத் அங்கே இமாமாகவும் இருந்தார். சட்டப்படி தனிமனிதர் பெயரில் மனை, குடும்பத்துக்குள்ளேயே இமாமத் என்ற இந்த அமைப்பு, அடிமைத்தனம் நிலவிய காலத்தில் பள்ளிவாசலைக் காப்பாற்றிய ஏற்பாடுதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கேப் டவுனில் இமாம் இறந்ததும் அவர் இடத்துக்கு யார் வருவது, பள்ளிவாசல் இமாமின் குடும்பத்துக்கா ஜமாஅத்துக்கா என்ற சண்டைகள் வெள்ளைக்கார நீதிபதிகளின் முன் திரும்பத் திரும்ப வந்தன. ஷரீஅத் தெரியாத மன்றம், எழுதப்பட்ட காகிதமும் சாட்சிகளின் நினைவும் காட்டிய வழியில்தான் தீர்ப்புச் சொல்ல முடிந்தது.

உங்கள் பத்திரத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை எவை? முதலாவதாக, இந்தச் சொத்து மீட்டுக்கொள்ள முடியாத வக்ஃப் என்றும், பள்ளிவாசல் அமைந்த பகுதியை விற்கவோ அடமானம் வைக்கவோ எவருக்கும் அதிகாரமில்லை என்றும் வெளிப்படையாக எழுத வேண்டும். கடைகள், வீடுகள் போன்ற துணைச் சொத்துகளுக்கு இதிலிருந்து வேறான பத்தி வேண்டும். பலன் அற்றுப்போன துணைச் சொத்தைக் கொடுத்துவிட்டுச் சிறந்த ஒன்றைப் பெறும் இஸ்திப்தாலை ஹனஃபி மத்ஹப் நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது, ஷாஃபிஈ மத்ஹப் மிகவும் இறுக்கமாகப் பார்க்கிறது. ஹன்பலி மத்ஹபில், பயன்படுத்தவே முடியாத நிலைக்குப் போன பள்ளிவாசலைக்கூட மாற்ற இடம் உண்டு. அரசு சாலைக்காக நிலத்தை எடுத்துக்கொண்டால் இழப்பீட்டுத் தொகையைக் கொண்டு வேறு பள்ளிவாசலே கட்டப்பட வேண்டும் என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மத்ஹபும் கொள்கையும். 'அஹ்லுஸ் ஸுன்னத் வல் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்களுக்கு' என்று மட்டும் எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மவ்லிது (நபியின் புகழ்ப்பாக்கள்) ஓதுபவர்களும் ஓதாதவர்களும் அந்தப் பெயரைத் தங்களுக்கே உரியதாகக் கருதுகிறார்கள் என்பதை டர்பனில் ஓராண்டு இருந்தாலே கண்டுகொள்ளலாம். எனவே எந்தப் பெயரைச் சூடுகிறோம் என்பதைவிட, என்ன நடக்கலாம், எதை முடிவு செய்வது யார் என்பதை எழுதுங்கள்: அஸர் (பிற்பகல் தொழுகை) எந்த மத்ஹபின் நேரத்தில், மவ்லிதுக்கும் ராத்திபுக்கும் (கூட்டாக ஓதும் திக்ருக்கும்) இடமுண்டா, பெண்கள் தொழுவதற்கு இடம் உண்டா, ஜும்ஆ பயான் (வெள்ளிக்கிழமை உரை) எந்த மொழியில். பெண்களின் இடத்தைப் பத்திரத்திலேயே உறுதி செய்யாத ஜமாஅத்துகள் பின்னால் அதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடுகின்றன. என் கருத்தில் இது ஒரு வரியில் முடிய வேண்டிய காரியம்.

டிரஸ்டிகளின் எண்ணிக்கை, பதவிக்காலம், தேர்வு முறை ஆகியவை மூன்றாவது. மனை கொடுத்தவரும் அவருடைய ஆண் வாரிசுகளும் ஆயுட்கால டிரஸ்டிகள் என்று எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வக்ஃப் செய்தவர் தம் நிபந்தனைப்படி நிர்வாகியை நியமிக்க ஷரீஅத்தில் இடமுண்டு. ஆனால் பேரப்பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்த பிறகு, ஒரு காசோலைக்குக் கையெழுத்து வாங்க ஜமாஅத் படும் பாட்டை நினைத்துப் பார்த்தே அந்த நிபந்தனையை ஏற்க வேண்டும். குடும்பத்துக்கு ஓர் இடம், ஜமாஅத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் பெரும்பான்மை, மூன்றாண்டுப் பதவிக்காலம், ஆண்டுக்கொரு கணக்குக் கூட்டம் என்ற அமைப்பு பல இடங்களில் நன்றாக நடக்கிறது. ஜமாஅத் உறுப்பினர் யார் என்பதற்கும் வரையறை வேண்டும். சந்தா கட்டியவரா, வட்டாரத்தில் வசிப்பவரா என்பது தெளிவாக இல்லாவிட்டால் தேர்தல் நாளன்று பேருந்துகளில் ஆள் வரும்.

பிணக்கு வந்தால் முதலில் ஆலிம்களின் மத்தியஸ்தம், பிறகு நடுவர் தீர்ப்பு, கடைசியாக நீதிமன்றம் என்ற வரிசையையும் எழுதுங்கள். கேப் டவுனில் 1945 முதல் இயங்கும் முஸ்லிம் ஜுடிஷியல் கவுன்ஸில், குவாஸூலு-நாட்டாலில் ஜம்இய்யத்துல் உலமா போன்ற அமைப்புகளில் எதை நாடுவது என்பதை இரு தரப்பும் நல்லுறவில் இருக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும்.

நான்காம் படி: மாஸ்டர் அலுவலகத்தின் அதிகாரக் கடிதத்தைப் பெறுங்கள்

1988ஆம் ஆண்டின் 57ஆம் இலக்க டிரஸ்ட் சொத்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, உயர் நீதிமன்றத்தின் மாஸ்டரிடம் (டிரஸ்டுகளை மேற்பார்வையிடும் அதிகாரியிடம்) பத்திரத்தைத் தாக்கல் செய்து, அவர் எழுத்து மூலம் அதிகாரம் வழங்கிய பிறகே டிரஸ்டி என்ற தகுதியில் எவரும் செயல்பட முடியும். ஜமாஅத் உங்களைத் தேர்ந்தெடுத்து, துஆ ஓதி, மாலையும் போட்டிருக்கலாம். அந்தக் கடிதத்தில் உங்கள் பெயர் இல்லாத வரை நீங்கள் இடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. மனை வாங்கும் ஒப்பந்தத்தில் கடிதம் வருவதற்கு முன்பே அவசரப்பட்டுக் கையெழுத்திட்டால் அந்த ஒப்பந்தமே செல்லாமல் போகக்கூடும். விற்பனையாளர் எவ்வளவு நெருக்கினாலும் காத்திருங்கள்.

கூடவே இன்னொரு எச்சரிக்கை. பத்திரத்தில் குறைந்தபட்சம் மூன்று டிரஸ்டிகள் வேண்டும் என்று எழுதியிருந்து, ஒருவர் இறந்து இருவர் மட்டும் எஞ்சியிருந்தால், அந்த இருவரால் டிரஸ்டைக் கட்டுப்படுத்தும் எந்த முடிவையும் எடுக்க முடியாது என்பதை உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் லேண்ட் பேங்க் எதிர் பார்க்கர் வழக்கில் 2004இல் உறுதிப்படுத்தியது. பத்திரம் வேறு விதமாகச் சொல்லாத வரை டிரஸ்டிகள் எல்லாரும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்பதும் விதி. ஜனாஸாவுக்குப் போய்வந்த வாரத்திலேயே புதிய டிரஸ்டியின் விண்ணப்பத்தைத் தொடங்குவது கல்மனம் கொண்ட செயலாகத் தோன்றலாம். ஆனால் அதைத் தள்ளிப்போட்டதால் முடங்கிக் கிடந்த ஜமாஅத்துகள் உண்டு.

2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு டிரஸ்டும் தன் பயனுரிமையாளர் (டிரஸ்டைக் கட்டுப்படுத்துபவர்கள், அதனால் பயன்பெறுபவர்கள்) விவரங்களைத் திரட்டி வைத்து, மாஸ்டரின் மின்பதிவேட்டில் பதிய வேண்டும். பள்ளிவாசலுக்கு ஏது பயனுரிமையாளர் என்று பெரியவர்கள் கேட்பார்கள். சட்டத்தின் பார்வையில் டிரஸ்டிகளின் பெயர்களும் அதில் அடங்கும். தவறினால் ஒரு கோடி ரேண்ட் வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. விலக்கு இருக்கும் என்று ஊகிக்காமல் பதிந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: மனையைச் சரியான பெயரில் பதியுங்கள்

ஜொஹனஸ்பர்க் அமைந்துள்ள பழைய டிரான்ஸ்வாலில் 1885ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஆசியர்கள் நிலம் வாங்குவதைத் தடை செய்தபோது, நம்மவர்கள் நம்பிக்கையான வெள்ளையர்களின் பெயரில் மனைகளைப் பதிந்து வைத்தார்கள். அந்தப் பழக்கத்தின் நிழல் இன்னும் போகவில்லை. 'இப்போதைக்கு ஹாஜியார் பெயரிலேயே இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்ற பேச்சை இன்றும் கேட்கலாம். ஹாஜியார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்குக் கடன்காரர்களும் வாரிசுகளும் இருப்பார்கள். டிரஸ்ட் சொத்து டிரஸ்டியின் சொந்தச் சொத்தின் பகுதியாகாது என்று சட்டத்தின் 12ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் அது டிரஸ்ட் சொத்து என்று பதிவேடு சொல்ல வேண்டுமல்லவா?

எனவே பதிவு அலுவலகத்தில் மனை, இன்ன எண்ணுள்ள டிரஸ்டின் அவ்வப்போதைய டிரஸ்டிகள் பெயரில் இருக்க வேண்டும். தலைப்புப் பத்திரத்தை (மனையின் உரிமைப் பத்திரத்தை) ஒருமுறை நீங்களே வாசியுங்கள்: டிரஸ்டின் பெயருக்குப் பின் மாஸ்டர் கொடுத்த பதிவு எண் இருக்கிறதா, மனை எண்ணும் பரப்பும் சரியா, பழைய அடமானம் ஏதும் நீக்கப்படாமல் நிற்கிறதா, வழிபாட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற பழைய நிபந்தனை ஏதும் உண்டா. இன்னொரு நன்மையும் இதில் இருக்கிறது. 2004ஆம் ஆண்டின் நகராட்சிச் சொத்து வரிச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, சமயச் சமூகத்தின் பெயரில் பதிவாகி, பெரிதும் பொது வழிபாட்டுக்குப் பயன்படும் இடத்துக்கும், அதே சமூகத்தின் பெயரிலுள்ள இமாமின் அதிகாரபூர்வ வீட்டுக்கும் நகராட்சி சொத்து வரி விதிக்கக் கூடாது. ஹாஜியார் பெயரில் மனை கிடந்தால் இந்தச் சலுகை கைநழுவிப் போகும். கடைகளுக்கு வரி உண்டு.

வழிபாட்டிடத்தை விற்க முடியாது என்ற உறுதி என்ன செய்யும் என்பதற்குக் கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் சான்று. 1966இல் அப்பகுதி வெள்ளையருக்கென அறிவிக்கப்பட்டு, வீடுகள் புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டபோது, வெட்டவெளியின் நடுவே பள்ளிவாசல்கள் நின்றன. கேப் ஃப்ளாட்ஸ் பகுதிக்கு விரட்டப்பட்டவர்கள் அங்கிருந்து தொழ வந்துபோனார்கள்.

ஆறாம் படி: நகராட்சியின் ஒப்புதல்

மனையின் மண்டல வகைப்பாட்டில் வழிபாட்டிடம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். இல்லாவிட்டால் சிறப்பு ஒப்புதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் தெரிவிக்கவும் வாய்ப்புண்டு. அவர்கள் பெரும்பாலும் ஆட்சேபிப்பது வெள்ளிக்கிழமை வண்டி நிறுத்தத்தைத்தான். வரைபட ஒப்புதல் இல்லாமல் கட்டவும், குடியேறும் சான்று இல்லாமல் பயன்படுத்தவும் கூடாது.

பாங்கோசை குறித்து ஒரு தீர்ப்பைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். டர்பனுக்குத் தெற்கே இஸிபிங்கோ பீச்சிலுள்ள ஒரு மதரஸாவின் பாங்கு அண்டை வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று 2020இல் டர்பன் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. வெற்றி கிடைத்தாலும் இரண்டாண்டு வழக்குச் செலவு யாருடைய பணம் என்று யோசித்தால், ஒலிபெருக்கியைப் பொருத்தும் முன்பே பக்கத்து வீட்டாரைப் பார்த்துப் பேசிவிட்டு வருவது சிறந்த நிர்வாகம் என்பது புலப்படும்.

ஏழாம் படி: பணம்

டிரஸ்டின் பெயரில் தனி வங்கிக் கணக்கு சட்டப்படி கட்டாயம். வட்டி சேராத கணக்கு வேண்டுமென்றால், டர்பனைத் தலைமையிடமாகக் கொண்டு 1989 முதல் இயங்கும் அல் பரக்கா வங்கி இருக்கிறது. மற்ற வங்கிகளில் வட்டி வந்து சேர்ந்தால் அதைப் பள்ளிவாசலுக்குச் செலவிடாமல் ஆலிம்களின் ஆலோசனைப்படி கழித்துவிட வேண்டும்.

நன்கொடைகளை வகைவாரியாகப் பிரித்து வையுங்கள். லில்லாஹ் என்று இங்கே அழைக்கப்படும் பொதுத் தர்மத்தைக் கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் செலவிடலாம். ஸகாத்தைப் பள்ளிவாசல் கட்டுவதற்குச் செலவிடக் கூடாது என்பதே நான்கு மத்ஹபுகளிலும் ஏற்கப்பட்ட கருத்து. குறிப்பிட்ட காரியத்துக்கென்று, உதாரணமாகத் தரைவிரிப்புக்கென்று கொடுத்த பணத்தைத் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றுவதும் கூடாது, கொடுத்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை வசூலை எண்ணும் முறையில்தான் நம்பிக்கை வளர்கிறது அல்லது தேய்கிறது. தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும், பையை உள்பள்ளியிலேயே எல்லாரும் பார்க்கும்படி விரிப்பில் கவிழ்த்து, உறவினர் அல்லாத இருவர் எண்ண வேண்டும். இருநூறு ரேண்ட் தாள் இத்தனை, நூறு இத்தனை, ஐம்பது இத்தனை, நாணயம் இவ்வளவு என்று நகல் தாளுள்ள புத்தகத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். மேல் தாள் வங்கிச் சீட்டோடு கோப்புக்குப் போகும். நகல் புத்தகத்திலேயே தங்கும். அந்தப் பணத்திலிருந்து யாருக்கும், மோதினாருக்கு (பாங்கு சொல்பவருக்கு) டாக்ஸிச் செலவுக்குக்கூட, வங்கியில் கட்டுவதற்கு முன் எடுத்துக் கொடுக்காதீர்கள். சில்லறைச் செலவுக்குத் தனிப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மறு வெள்ளியன்று தொகையைப் பலகையில் எழுதிவிட்டால் கேள்விகள் பாதியாகக் குறைந்துவிடும்.

வருமான வரித் துறையில் பொதுநல அமைப்பாக அங்கீகாரம் பெறாத சாதாரண டிரஸ்டுக்கு 45 விழுக்காடு வரி என்பதால், கடை வாடகை உள்ள ஜமாஅத்துகள் இந்த விண்ணப்பத்தை ஒத்திப்போடக் கூடாது. அதற்குரிய நிபந்தனைகளில் ஒன்று, ஒருவருக்கொருவர் தொடர்பற்ற மூவராவது பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது. தந்தை, மகன், மருமகன் என்று அமைந்த குழு இங்கேதான் இடறி விழுகிறது. மேலும், வழிபாட்டுக்காகக் கொடுக்கும் நன்கொடைக்கு, கொடுப்பவர் தம் வருமானத்தில் கழிவு கோரும் 18ஏ ரசீதை வழங்க முடியாது. கல்வி, ஏழைகளுக்கான உதவி போன்ற பணிகளுக்கே அது உண்டு. பெரிய நன்கொடையாளர் கேட்கிறார் என்பதற்காக அந்த ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிடாதீர்கள்.

எட்டாம் படி: மற்றவர்களுக்கு இடம் கொடுக்கும்போது

டர்பன் ஜுமுஆ பள்ளிவாசல் டிரஸ்டின் நிலத்தில் ஓர் அரசுப் பொதுப் பள்ளிக்கூடம் பல்லாண்டுகள் நடந்துவந்தது. தனியார் நிலத்தில் அரசுப் பள்ளிக்கூடம் நடக்குமானால் கல்வித் துறையும் நில உரிமையாளரும் எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் இருந்தும், அது நிறைவேறவே இல்லை. டிரஸ்ட் கைக்காசைச் செலவழித்தது. துறையிடமிருந்து வர வேண்டியது வரவில்லை. கடைசியில் வெளியேற்றக் கோரி வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் உத்தரவு கொடுத்தது. ஆனால் அரசமைப்பு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, 2011 ஏப்ரலில் வெளியிட்ட தீர்ப்பில், பிள்ளைகளின் அடிப்படைக் கல்வி உரிமைக்குக் குந்தகம் விளைவிக்காதிருக்கும் கடமை தனியார் டிரஸ்டுக்கும் உண்டு என்று கூறியது. சொத்து முழுக்க முழுக்கத் தன்னுடையது என்று ஒரு டிரஸ்ட் நினைத்துக்கொண்டிருந்தாலும், அதன் மீது பிறருக்குள்ள உரிமை காலப்போக்கில் ஊன்றி நின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை.

அதனால் மாலை மதரஸாவோ, மருத்துவ முகாமோ, கடையோ, எதற்கு இடம் கொடுத்தாலும் காலம், வாடகை, பராமரிப்பு, வெளியேறும் முறை ஆகிய நான்கையும் எழுத்தில் வையுங்கள். டிரஸ்டியோ அவருடைய உறவினரோ கடையை வாடகைக்கு எடுப்பதானால், அவர் கூட்டத்திலிருந்து எழுந்து போன பின்பே மற்றவர்கள் முடிவெடுக்க வேண்டும். சந்தை வாடகையைவிடக் குறைத்துக் கொடுக்க முத்தவல்லிக்கு ஃபிக்ஹிலும் அதிகாரமில்லை.

ஒன்பதாம் படி: இமாம்

இமாமுக்கு நியமனக் கடிதம், சம்பளம், விடுப்பு, வீடு, அறிவிப்புக் காலம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் வேலை செய்வதற்குரிய விசா முதலில். மிம்பரில் என்ன பேசுவது என்பதில் டிரஸ்டிகள் தலையிடும் எல்லையையும், நிர்வாகத்தில் இமாம் தலையிடும் எல்லையையும் பத்திரத்தில் ஒரு பத்தியாவது தொட்டுச் செல்ல வேண்டும். இமாம் வீடு பணியோடு சேர்ந்தது, பணி முடிந்தால் இத்தனை மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று எழுதாத ஜமாஅத்துகள், ஓய்வுபெற்ற ஆலிமின் குடும்பத்தோடு முகம் கொடுத்துப் பேச முடியாத நிலைக்குத் தள்ளப்படுகின்றன.

கடைசிப் படி: பொறுப்பை விட்டு இறங்கும்போது

ராஜினாமாவைக் கூட்டத்தில் வாயால் சொன்னால் போதாது. மாஸ்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்; ஜமாஅத்துக்கும் ஒரு பிரதி தர வேண்டும். மாஸ்டரிடமிருந்து புதிய அதிகாரக் கடிதம் வரும் வரை அடுத்தவரால் கையெழுத்திட முடியாது என்பதால், விலகும் தேதியை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் உங்கள் கையொப்ப அதிகாரத்தையும், வரித் துறையில் டிரஸ்டின் பிரதிநிதி என்ற உங்கள் பெயரையும், மின்பதிவேட்டில் உள்ள உங்கள் விவரங்களையும் மாற்றச் செய்யுங்கள்.

ஒப்படைக்கும் பொருள்களுக்குப் பட்டியல் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்: மூலப் பத்திரம், தலைப்புப் பத்திரம், அதிகாரக் கடிதங்கள் தேதி வரிசையில், ஒப்புதல் பெற்ற வரைபடம், குடியேறும் சான்று, வாடகை ஒப்பந்தங்கள், இமாமின் நியமனக் கடிதம், தீ மற்றும் பொதுப் பொறுப்புக் காப்பீடு, வசூல் புத்தகங்கள், மின்னஞ்சல் கடவுச்சொற்கள், சாவிகள். டிரஸ்ட் ஆவணங்களை டிரஸ்ட் முடிவுக்கு வந்த பிறகும் ஐந்தாண்டுகள் வரை மாஸ்டரின் அனுமதியின்றி அழிக்கக் கூடாது என்பதால், பழைய கோப்புகளை எடைக்குப் போடும் எண்ணம் வேண்டாம். மூலப் பத்திரம் யாருடைய வீட்டு அலமாரியிலும் இருக்க வேண்டியதில்லை. வழக்கறிஞரின் பாதுகாப்பு அறையிலோ வங்கிப் பெட்டகத்திலோ வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதை எல்லா டிரஸ்டிகளுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.